சூயின்ஷிக்கு நீண்ட கை

வீட்டுச் சொந்தக்காரன் ஒருவனை அவன் வீட்டிலிருந்தே ஒற்றை வார்த்தையால் வெளியே அனுப்பிய மனிதன், அல்தாய் மலையிலிருந்து காஸ்பியன் கடல் வரைக்கும் ஒரே ஒருவன்தான் இருக்கிறான். அவன் நான். கையால் தொடவில்லை. குரலை உயர்த்தவில்லை. அந்த வார்த்தையின் அதிர்ச்சியில் முற்றத்து மரத்திலிருந்து நாற்பது ஆப்பிள்கள் தாமாக உதிர்ந்தன.

“நாலு,” என்பாள் குல்பாஷ். “அதுவும் காத்துக்கு.”

குல்பாஷ் என் மனைவியின் தங்கை. எங்கள் ஜனங்களில் அக்காள் புருஷனைக் கேலி செய்ய மச்சினிக்கு உரிமை உண்டு. குல்பாஷ் அதை உரிமையாக நினைப்பதில்லை, உத்தியோகமாக நினைக்கிறாள். என் கல்யாணத்தன்று வேலையில் சேர்ந்தவள், நாற்பத்தொரு வருடங்களில் ஒருநாள் விடுப்பு எடுத்ததில்லை. மற்ற நேரங்களில் சிவப்பு நீவா காரை டாக்சியாக ஓட்டுகிறாள். அந்தக் காரின் வலது கதவு இந்த நூற்றாண்டில் திறந்ததே இல்லை.

நான் ஓராஸ்பெக். அல்மாத்தி டிராலிபஸ்களில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் பரிசோதகர். ஏறத்தாழ ஒன்பது கோடி பேரைப் பரிசோதித்திருக்கிறேன். நாட்டின் ஜனத்தொகை அவ்வளவு இல்லை என்று சிலர் சொல்வார்கள். சிலரை இரண்டு முறை பரிசோதித்தேன். யாருடைய முகத்தையும் நான் பார்த்ததில்லை. முகம் பொய் சொல்லும். பஸ்ஸில் ஏறி ஒருமுறை தொண்டையைச் செருமுவேன். டிக்கெட் வாங்கியவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். வாங்காதவன் ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பான்.

ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்தில் என்ன காணாமல் போனாலும் என்னிடம்தான் வருகிறார்கள். அந்தத் திங்கட்கிழமை ராபிகா வந்தபோது காணாமல் போகவிருந்தது அவள் குடியிருந்த வீடு.

ராபிகா டிராலிபஸ் ஓட்டுகிறவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். டிராலிபஸ் பணிமனைக்குக் கீழ்ப்புறச் சரிவில், முற்றமும் ஆப்பிள் மரமும் உள்ள ஒரு சின்ன வீட்டில் நாலு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். வந்தவள் குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“வீட்ட வித்துட்டாராம் அண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணணுமாம். புது ஆளு வந்து பூட்ட மாத்துவாராம்.”

“வித்தது யாரு? எர்மெக்பையா?”

“அவர்தான். டயர் பட்டறைக்காரர்.”

“உன்கிட்ட ஒப்பந்தம் இருக்கா?”

இருந்தது. முத்திரையோடு, பதிவோடு, இன்னும் பத்தொன்பது மாதத்துக்கு. போன மாதம் எர்மெக்பை வாடகையை இரட்டிப்பாக்கக் கேட்டிருக்கிறான். இவள் ஒப்பந்தத்தைக் காட்டியிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். மூன்று வாரம் கழித்து வீட்டை விற்றாயிற்று என்கிறான்.

“வீடு கைமாறினா ஒப்பந்தம் செத்துப்போச்சுங்கறார்ண்ணே. எதிர்த் தெரு பள்ளிக்கூடத்துல இந்த விலாசத்துக்குத்தான் பிள்ளைங்களச் சேத்துருக்கு. விலாசம் போனா இடமும் போச்சு. வெளில வீடு கேட்டா என் சம்பளத்த விட வாடகை அதிகமா சொல்றாங்க.”

“ஏம்மா, நீ ஓட்டற பஸ்ஸுல நடுவழில டிரைவர் மாறுறது உண்டா?”

“தினமும் உண்டு. மூணு மணிக்கு நான் எறங்கிருவேன், வேற ஆளு ஏறும்.”

“அப்ப பயணிகள எறக்கி விட்டுருவியா?”

“எதுக்கு? அவங்கதான் டிக்கெட் வாங்கிட்டாங்களே.”

“அதேதான் சட்டம். வீட்டுக்குச் சொந்தக்காரன் மாறலாம். டிக்கெட் வாங்குனவ அவ எறங்க வேண்டிய இடத்துலதான் எறங்குவா.”

ராபிகாவின் முகத்தில் வெளுப்பு கொஞ்சம் குறைந்தது. எங்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த குல்பாஷ் அதைக் கெடுத்தாள்.

“சட்டம் சரி அத்தான். கோர்ட்டு படி ஏறி எறங்க எட்டு மாசம். பூட்டு மாத்த எட்டு நிமிஷம்.”

அவள் சொன்னது உண்மை என்பதால் நான் தேநீரைக் குடித்தேன்.

“வாங்குன ஆளு வீட்டப் பாக்க வந்தானா?” என்று கேட்டேன்.

“போன வாரம் வந்தார். நாப்பது வயசிருக்கும். பேசவே இல்ல. குழாயத் திறந்து பாக்கல, கூரையப் பாக்கல, கணப்பு அடுப்பத் தொட்டுக்கூடப் பாக்கல. டீ குடிச்சார். கிண்ணத்துல கறுப்பா கட்டைவிரல் ரேகை. இன்னும் போக மாட்டேங்குது.”

“சமையலறைக்குப் போனானா?”

“போனாரே. குனிஞ்சு போனார்.”

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அந்தச் சமையலறை நிலைப்படி, குள்ளமான ஒரு தச்சன் தன் உயரத்துக்குக் கட்டியது. முதல்முறை போனபோது நான் இடித்துக்கொண்டேன். குல்பாஷ் இடித்துக்கொண்டாள். காஸ்காரன், தபால்காரன், வரன் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இடித்துக்கொண்டார்கள். அந்த நிலைப்படியில் இடித்தவர்களை வரிசையாக நிறுத்தினால் சீன எல்லை வரைக்கும் நிற்கும். முதல்முறை வந்தவன் எவனும் குனிந்தது கிடையாது.

“அவன் முதல் தடவையா வரல,” என்றேன்.

“வீட்ட வாங்க வந்தவன் கொழாயத் திறக்கலன்னா, தண்ணி வரும்னு முன்னாடியே தெரியும்,” என்றாள் குல்பாஷ். “விரல்ல ரப்பர் கறுப்பு வேற. அத்தான், என் காருக்குப் பனிக்கால டயர் மாத்தணும். எந்திரிங்க.”

முதல் பனி முந்தைய இரவுதான் விழுந்திருந்தது. அதாவது, ஒரு வருடமாக டயரை மறந்திருந்த அல்மாத்தி முழுவதும் அன்று காலையில் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டது. எர்மெக்பையின் பட்டறை முன்னால் வரிசை கிர்கிஸ் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் நின்றோம். குல்பாஷ் கூர்த் என்கிற காய்ந்த தயிர் உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டாள். அது கரைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு நிம்மதி.

பட்டறைக்குள் ஒரே ஒரு ஆள் நாலு ஆள் வேலை செய்துகொண்டிருந்தான். சட்டைப்பையில் காற்றழுத்தம் பார்க்கும் சின்ன மானி. கட்டைவிரல் கறுப்பு. பெயர் தோக்தார்.

“வீடு வாங்கியிருக்கியாமே தம்பி? நல்லாருக்கணும்,” என்றேன்.

“ஆமாண்ணே.” டயரைப் பார்த்துச் சொன்னான்.

“எப்ப குடி வர்றே?”

“அத மாமாகிட்டக் கேட்டுத்தான் சொல்லணும்.”

“எந்த மாமா?”

“எர்மெக்பை மாமா. எங்க அக்கா வீட்டுக்காரர்.”

குல்பாஷ் வாயிலிருந்த கூர்த்தைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

“ஏன் தம்பி, உன் வீட்டுக்கு நீ குடிபோக, வித்த ஆளுகிட்ட அனுமதி கேக்கணுமா?”

தோக்தாரின் கை நின்றது. பிறகு நட்டை முடுக்கினான். தேவைக்கு மேலேயே முடுக்கினான்.

“இப்ப எங்க தங்கியிருக்கே?” என்று அவளே கேட்டாள்.

அவன் மேலே கையைக் காட்டினான். பரண். வரிசை வரிசையாகப் பழைய டயர்கள். அவற்றின்மேல் ஒரு மெத்தை.

“எத்தன வருஷமா?”

“பதினொண்ணு.” ஒரு கணம் கழித்து, “முதல்ல அந்த வீட்டுலதான் இருந்தேங்க்கா. மாமா வாடகைக்கு விடணும்னார். எறங்கிட்டேன்,” என்றான்.

காரில் ஏறியதும் குல்பாஷ் ஸ்டியரிங்கைத் தட்டினாள். “மச்சினனுக்கு வித்த மாதிரி நாடகம். அவ காலி பண்ணினதும் ரெட்டை வாடகைக்கு வேற ஆளு. வழக்கு முடிஞ்சுது. எல்லா அத்தானும் ஒரே மண்ணுல செஞ்சவங்கதான் போல.”

“முடியல. வித்ததுக்குப் பத்திரத்தக் காட்டச் சொல்லுவோம். பத்திரமே இருக்காது.”

இது என் வாழ்நாளின் மிகச் சிறந்த யோசனை என்று அப்போது தோன்றியது. ராபிகா அன்றே எர்மெக்பைக்குச் செய்தி அனுப்பினாள். புதன்கிழமை காலை பதில் வந்தது. எர்மெக்பை உட்கார்ந்த இடத்தில், கைப்பேசியிலேயே, முறைப்படி விற்பனையைப் பதிவு செய்து முடித்திருந்தான். அரசாங்க முத்திரை, பதிவு எண், எல்லாம். உரிமையாளர்: தோக்தார்.

குல்பாஷ் நெடுநேரம் சிரித்தாள். அவள் கார் கண்ணாடி ஆவி படியும் வரைக்கும் சிரித்தாள்.

“பொய்யா இருந்த விற்பனைய நெசமாக்கிக் குடுத்துட்டீங்களே அத்தான்! அந்த எர்மெக்பை உங்களுக்குக் கமிஷன் தரணும்.”

“சிரிக்காத. வெள்ளிக்கிழமை அவன நான் ஒத்த வார்த்தைல வெளிய அனுப்புறேன்.”

“ஒத்த வார்த்தையிலயா? நீங்க தும்மினாலே அதுக்கு முன்னுரை, முடிவுரை எல்லாம் இருக்கும்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராபிகாவின் முற்றத்துக்குப் போனபோது எர்மெக்பை ஏற்கெனவே வந்திருந்தான். கையில் புதுப் பூட்டு. உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வீட்டுச் செருப்போடேயே முற்றத்தில் இறங்கி நின்றான். பக்கத்தில் தோக்தார், கூப்பிட்டு வந்த சாட்சியைப் போல. ராபிகா வாசற்படியில் நின்றாள். பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள், பள்ளிக்கூடப் பை முதுகில். ஒரு மூட்டைகூடக் கட்டியிருக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

“பத்திரத்தப் பாத்தாச்சுல்ல பெரியவரே?” எர்மெக்பை கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். “நாலு பேருக்கு முன்னால சொல்றேன். இந்த வீட்டுக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்ல, உறவுமில்ல. இந்தம்மா ஒப்பந்தம் போட்டது என்கூட. நானே இங்க யாருமில்லன்னா, ஒப்பந்தம் யாரோட?”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியை வாங்கிப் பத்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். ராபிகா கொண்டுவந்த தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்கினேன். தொண்டையைச் செருமினேன். பிறகு சொன்னேன்:

“சூயின்ஷி!”

நல்ல சேதி கொண்டுவருகிறவன் எங்கள் ஊரில் முதலில் கூவுவது அதைத்தான். கூவியதும், சேதி யாருக்குச் சொந்தமோ அவர், என்ன சேதி என்று கேட்பதற்கு முன்பே, ‘வேண்டியதை எடுத்துக்கொள்’ என்று சொல்லிக் கையிலிருப்பதைக் கொடுத்துவிட வேண்டும். பேரன் பிறந்தாலும் அப்படி, தொலைந்த குதிரை கிடைத்தாலும் அப்படி. இதை யோசித்துச் செய்கிறவன் கிடையாது. கொட்டாவி மாதிரி அது தானாக வரும்.

எர்மெக்பையின் கை சட்டைப்பைக்குப் பறந்தது. வெள்ளி சிகரெட் பெட்டியோடு வெளியே வந்தது.

“வேண்டியத எடுத்துக்குங்க பெரியவரே! என்ன, இந்தம்மாவுக்கு வேற வீடு கெடச்சிருச்சா?”

தோக்தாரின் இரண்டு கைகளும் தொங்கியபடியே இருந்தன. அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பெட்டியை வாங்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தேன். குல்பாஷ் பார்த்தாள். ராபிகா பார்த்தாள். பிள்ளைகள் பார்த்தன. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தான் எங்கே நிற்கிறோம் என்று அந்தக் கைக்குத்தான் முதலில் புரிந்தது.

“சேதி வீட்டுக்காரருக்கு,” என்றேன். “ஒட்டுமில்ல உறவுமில்லன்னு இப்பத்தானே சொன்னீங்க. நீங்க ஏன் குடுக்கறீங்க?”

எர்மெக்பை வாயைத் திறந்தான். விற்றது நாடகம் என்று சொன்னால் அரசாங்கத்துக்குப் பொய்ப் பத்திரம் கொடுத்தவன் ஆவான். நிஜம் என்று சொன்னால் அடுத்தவன் வீட்டு முற்றத்தில் அடுத்தவன் செருப்போடு நிற்கிற விருந்தாளி. இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்ததில் வாய் திறந்து மூடி, திறந்து மூடி, மீன் கடையை ஞாபகப்படுத்தியது.

என் வேலை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாடகம் என்று அவன் ஒப்புக்கொள்வான், பத்தொன்பது மாதத்துக்கு வாயை மூடிக்கொண்டு போவான், அவ்வளவுதான் என் கணக்கு. அதற்குமேல் நடந்ததை நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன் என்று மற்ற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

தோக்தார் மலையிலிருந்து கண்ணை எடுத்தான். மாமாவின் நீட்டிய கையைப் பார்த்தான். கைப்பேசியிலிருந்த தன் பெயரைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். பிறகு தன் சட்டைப்பையில் கைவிட்டான். அந்தக் காற்றுமானி. அது ஒன்றுதான் அவனுடையது. இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினான்.

“வேண்டியத எடுத்துக்குங்கண்ணே,” என்றான். “என்ன சேதி?”

நாற்பது ஆப்பிள்கள் விழுந்தது அப்போதுதான்.

“சேதி இதுதான் தம்பி. உன் வீட்டுக்கு நீ ஆள் தேடி அலைய வேண்டாம். கூரையும் கணப்பும் போல, இந்தம்மாவும் வீட்டோட சேர்ந்து உன்கிட்ட வந்துட்டாங்க. இன்னும் பத்தொன்பது மாசம். சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“நல்ல சேதிதான்,” என்றான் தோக்தார்.

“டேய்!” எர்மெக்பைக்குக் குரல் திரும்பியது. “நாம பேசினது என்னடா? வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் திருப்பி எழுதித் தர்றேன்னுதானே...”

“என்ன பேசினோம் மாமா? இவங்க முன்னாடி சொல்லுங்க.”

எர்மெக்பை என் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டான்.

“பதினொரு வருஷம் டயர் மேல படுத்தேன்,” என்றான் தோக்தார், குரலே மாறாமல். “அக்காவுக்காகத்தான் பேசாம இருந்தேன். இப்பவும் ஒண்ணும் பேசல. செருப்ப மட்டும் விட்டுட்டுப் போங்க மாமா. அது வீட்டுச் செருப்பு.”

எர்மெக்பை செருப்பை விட்டான். தன் பூட்ஸை மாட்டக் குனிந்தபோது புதுப் பூட்டு கையிலிருந்து விழுந்தது. தோக்தார் அதை எடுத்துத் துடைத்துத் திரும்பக் கொடுத்தான்.

அவன் போனபின் தோக்தார் ராபிகாவிடம் திரும்பினான். முதலாளியின் முதல் உத்தரவு எப்படி இருக்கும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

“முற்றத்து ஓரத்துல, கோடைல மட்டும் சமைக்கற தனி அறை இருக்குல்ல, அது உங்க ஒப்பந்தத்துல வருதா?”

ராபிகா உள்ளே ஓடி ஒப்பந்தத்தை எடுத்துவந்து பார்த்தாள். “வரல.”

“அப்ப நான் அதுல படுத்துக்கட்டுமா?”

“உங்க இடம்தானே. என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?” ராபிகா சிரிக்க முயன்று அழுதாள். பெரிய பெண் பள்ளிக்கூடப் பையை முதுகிலிருந்து இறக்கினாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சனிக்கிழமை காலை வட்டாரக் காவலர் மெய்ராம் ராபிகாவின் வாசலில் வந்து நின்றார். எர்மெக்பை புகார் கொடுத்திருந்தான்: ஒரு கிழவர் தன் மச்சினனைத் தாக்க வந்தார், மிரட்டினார், மிரண்டுபோன மச்சினன் தன் சொந்த வீட்டையே அந்தப் பெண்ணிடம் விட்டுக்கொடுத்துவிட்டான். விசாரணை முடியும்வரை வீட்டைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டும். யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

எங்களை வரச்சொன்னார்கள். போனோம். ராபிகா அதே வாசற்படியில், பிள்ளைகளின் தோளில் கைவைத்து நின்றாள்.

“தோக்தார் மிரட்டல் இல்லங்கறார். ஆனா மிரட்டப்பட்டவர் அப்படித்தான் சொல்வார்னு புகார்லயே எழுதியிருக்கு,” என்றார் மெய்ராம். “ராபிகா அக்கா குடியிருக்கறவங்க, அவங்க பேச்சு எடுபடாது. ஐயா, நீங்க சொல்லுங்க.”

நான் சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று தெரு தள்ளி டிராலிபஸ் நின்றது, மலையில் பனி சரிந்தது என்பதையெல்லாம் விடாமல் சொன்னேன். மெய்ராம் பேனாவை மூடினார்.

“ஐயா, இத எழுதினா என்னத்தான் முதல்ல விசாரிப்பாங்க.” குல்பாஷ் பக்கம் திரும்பினார். “அம்மா, ஊருக்கே தெரியும். இவர் மழைன்னா நீங்க வெயிலும்பீங்க. நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன். இவர் ஒத்த வார்த்தைதான் சொன்னாராம். யாரையும் தொடலையாம். அதுலயே எர்மெக்பை வீட்ட விட்டுப் போயிட்டாராம். நடக்கற காரியமா இது?”

குல்பாஷ் என்னைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருட உத்தியோகம் அந்த முகத்தில் தடுமாறியதை நான் பார்த்தேன். வாசற்படியைப் பார்த்தாள். சின்னப் பெண் மூக்கை உறிஞ்சியது.

“பஸ்ஸு நின்னதெல்லாம் பொய். பனி சரிஞ்சதும் பொய்,” என்றாள். “இந்த மனுஷன் மணி என்னன்னு சொன்னாக்கூட நான் இன்னொரு கடிகாரத்தப் பாத்துக்கறவ.”

“சரிம்மா. அப்ப நடக்கலன்னு...”

“அவசரப்படாதீங்க தம்பி. பேனாவத் திறங்க.” மூச்சை இழுத்துவிட்டாள். “ஒத்த வார்த்தைதான். யாரையும் தொடல. மிரட்டல. நான் ரெண்டு எட்டுத் தூரத்துல நின்னு பாத்தேன்.” பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாகச் சொன்னாள்: “நடந்துச்சு. எங்க கையெழுத்துப் போடணும்?”